பூச்சியத்துக்குக் கீழே: ஃபீனிக்ஸ் பே நீர்மட்டமும் குறை எண்களின் கணக்கும்

தென் அந்தமானில், 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரத்தின் ஃபீனிக்ஸ் பே, தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்கள் வந்து செல்லும் துறையும் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளமும் ஒருங்கே அமைந்த இடமாகும். ஹேவ்லாக், நீல், ரங்கத், ஹட் பே ஆகிய இடங்களுக்குச் செல்வோர் இங்கிருந்து கப்பல் ஏறுகின்றனர். கப்பலைத் துறையோரம் அணைக்க வேண்டியவருக்கு நாள்தோறும் எழும் கேள்வி ஒன்று உண்டு: இந்த வேளையில் இங்கே நீர் எத்தனை மீட்டர் ஆழம்? இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணால் விடை சொல்ல முடியாது. கடலின் மேற்பரப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்க, கடல்தரை தன் இடத்திலேயே கிடப்பதால், இரண்டையும் ஏதேனும் ஒரு பொது மட்டத்திலிருந்து அளந்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டியிருக்கிறது. அப்படி அளக்கும்போது கடல்தரையின் எண் அந்தப் பொது மட்டத்துக்குக் கீழே, அதாவது பூச்சியத்துக்குக் கீழே விழுகிறது.

பூச்சியத்தைவிடச் சிறிய எண்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் குறை எண்கள் என்றும், பெரியவற்றை மிகை எண்கள் என்றும் அழைக்கின்றன. பூச்சியமும் இவ்விருவகை முழு எண்களும் சேர்ந்த தொகுதிக்கு முழுக்கள் என்று பெயர். இவற்றின் கணக்கைப் பெரும்பாலான மாணவர்கள் "கழித்தலும் கழித்தலும் சேர்ந்தால் கூட்டல்" என்னும் ஒற்றை வாய்பாடாகவே மனத்தில் பதித்துக்கொள்கின்றனர். இந்த வாய்பாடு பெருக்கலுக்குப் பொருந்தும், கூட்டலுக்குப் பொருந்தாது. (−3) + (−2) என்பதன் விடை −5 ஆக இருக்க, வாய்பாட்டை நம்பிய மாணவர் +5 என்று எழுதுகிறார். அவரிடம் குறை காண்பது நியாயமன்று. எந்தச் செயலுக்கு உரிய விதி, அது ஏன் உண்மை என்பவற்றைச் சொல்லாமல் விதியை மட்டும் கொடுத்ததன் விளைவே அது. குறை எண்களின் விதிகள் ஒவ்வொன்றும் இரண்டு ஊற்றுகளிலிருந்து பிறக்கின்றன: பூச்சியத்தை எங்கே வைப்பது, எந்தத் திசையை மிகை எனக் கொள்வது என்னும் தீர்மானம் ஒன்று, மிகை எண்களுக்கு உண்மையாக இருக்கும் கணக்கு விதிகள் குறை எண்களுக்கும் உண்மையாகவே இருக்க வேண்டும் என்னும் கோரிக்கை மற்றொன்று. துறைமுகத்தின் நீர்மட்டக் கணக்கு இவ்விரண்டையும் கண்முன் காட்டுவதால், அது இங்கே சற்று விரிவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

போர்ட் பிளேர் என்னும் பெயரே ஓர் அளவாய்வாளரை நினைவூட்டுவது. பம்பாய் மரைன் என்னும் கப்பற்படையைச் சேர்ந்த லெப்டினன்ட் ஆர்ச்சிபால்ட் பிளேர் 1788-89ஆம் ஆண்டுகளில் இத்தீவுகளின் கரைகளை அளந்தவர். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீருக்குள் இறக்கி ஆழம் பார்த்த காலம் அது. அவ்வாறு அளந்த ஆழம் அந்த வேளைக்கு மட்டுமே உரியது; ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் கயிற்றை இறக்கினால் வேறோர் எண் கிடைக்கும். நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால் கடல்நீர் ஏறி இறங்கும் இந்த நிகழ்வுக்கு ஓதம் என்று பெயர். இங்கே ஒரு நாளில் ஏறத்தாழ இருமுறை நீர் உயர்கிறது, இருமுறை தாழ்கிறது; ஓர் உச்சத்திலிருந்து அடுத்த உச்சத்துக்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் உயர்வுக்கும் தாழ்வுக்கும் இடையிலான வேறுபாடு ஏறக்குறைய 2 மீட்டரை எட்டுகிறது.

ஆகவே ஆழங்களை எழுதுவதற்கு அசையாத ஒரு மட்டம் தேவைப்பட்டது. கடல் வரைபடங்களில் ஆழங்கள் எந்த மட்டத்திலிருந்து குறிக்கப்படுகின்றனவோ, அதை வரைபட அடிமட்டம் எனலாம். இந்தியத் துறைமுகங்களின் ஓதங்களை ஆராய்ந்த ஜார்ஜ் டார்வின், உயிரியலாளர் சார்லஸ் டார்வினின் மகன், இதற்கென ஒரு முறையை வகுத்தார். நிலவாலும் கதிரவனாலும் எழும் அரைநாள் ஓதக் கூறுகள் இரண்டு, ஒருநாள் ஓதக் கூறுகள் இரண்டு, ஆக நான்கு முதன்மைக் கூறுகளின் வீச்சுகளைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து கழித்தால் கிடைப்பதே அந்த அடிமட்டம். வீச்சு என்பது ஒரு கூறு சராசரிக்கு மேலும் கீழும் செல்லும் பெருந்தொலைவு. நான்கும் ஒரே நேரத்தில் தம் தாழ்நிலையை அடைந்தால் நீர் எவ்வளவு இறங்குமோ, அந்த இடத்தில் பூச்சியம் வைக்கப்படுகிறது. இவ்வளவு தாழ்வான பூச்சியத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் தெளிவானது: வரைபடத்தில் 6 மீட்டர் என்று இருந்தால், மாலுமிக்கு மிகப் பெரும்பாலான வேளைகளில் 6 மீட்டருக்குக் குறையாத நீர் கிடைக்க வேண்டும். நீர்மட்டத்தின் எண் பூச்சியத்துக்குக் கீழே போவதை முடிந்தவரை தவிர்க்கவே இந்த ஏற்பாடு.

அப்படியும் குறை எண் முற்றிலும் நீங்கிவிடவில்லை. நான்கு கூறுகளுக்கு அப்பால் வேறு சிறு கூறுகளும் உண்டு. காற்றும் வளிமண்டல அழுத்தமும் நீர்மட்டத்தை மாற்றுகின்றன. ஆகையால் ஓத அட்டவணைகளில் சில நாட்களின் தாழ்ந்த நீர்மட்டத்துக்கு முன்னே குறைக்குறி இடம்பெறுவதுண்டு. அந்த நாட்களில் அட்டவணையின் எண்ணை வரைபட ஆழத்துடன் கூட்டும் மாலுமி, உண்மையில் கழிக்கிறார். இதற்கு மறுபுறமாக, நீர் வற்றும்போது வெளியே தெரியும் பாறைகளும் மணல்திட்டுகளும் அடிமட்டத்துக்கு மேலே நிற்பதால், அவற்றின் ஆழம் குறை எண்ணாகிறது. கடல் வரைபடம் வரைவோர் அவ்விடத்தில் குறைக்குறி இடுவதில்லை. எண்ணுக்கு அடியில் ஒரு கோடு இழுக்கின்றனர். குறி வேறாயினும் கணக்கு ஒன்றே.

இனிக் கழித்தலுக்கு வரலாம். மிகை எண்களை மட்டும் அறிந்த மாணவருக்குக் கழித்தல் என்பது இருப்பதிலிருந்து எடுத்தல். 3 பழங்களிலிருந்து −6 பழங்களை எடுப்பது எப்படி என்று அவர் கேட்டால் அந்தக் கேள்வி நேர்மையானது. மட்டங்களின் கணக்கில் கழித்தலுக்கு வேறொரு பொருள் உண்டு: ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குச் செல்ல வேண்டிய தொலைவும் திசையும். கணக்கின் பொருட்டு, கப்பல் அணையும் மேடை அடிமட்டத்துக்கு மேல் 3 மீட்டரிலும், அருகே கடல்தரை அடிமட்டத்துக்குக் கீழ் 6 மீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். மேடையின் மட்டம் +3, தரையின் மட்டம் −6. தரையிலிருந்து மேடைவரை உள்ள உயரம் 3 − (−6). எண்கோட்டில், அதாவது எண்களை வரிசையாகக் குறித்த நேர்கோட்டில், −6இலிருந்து பூச்சியத்துக்கு ஏற 6 மீட்டர், பூச்சியத்திலிருந்து +3க்கு ஏற 3 மீட்டர், மொத்தம் 9 மீட்டர். ஒரு குறை எண்ணைக் கழிப்பதும் அதன் மிகை எண்ணைக் கூட்டுவதும் ஏன் ஒன்றாகின்றன என்பதை இந்த ஏற்றமே காட்டிவிடுகிறது. நீர்மட்டம் +1.5 ஆக இருக்கும் வேளையில் துறையோர ஆழம் 1.5 − (−6) = 7.5 மீட்டர். +0.6 உயரத்தில் நிற்கும் பாறையின் மேல் நீர் +0.4 அளவில் இருக்கும்போது, பாறைமேல் உள்ள ஆழம் 0.4 − 0.6 = −0.2, அதாவது பாறை நீருக்கு வெளியே 20 சென்டிமீட்டர் தலைகாட்டுகிறது.

பூச்சியத்தை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பது இதைவிட ஆழமான கேள்வி; பள்ளியில் இதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை. நில வரைபடங்கள் உயரங்களைச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து குறிக்கின்றன. கடல் வரைபடங்களோ மேலே கண்ட தாழ்ந்த அடிமட்டத்திலிருந்து குறிக்கின்றன. இரண்டுக்கும் இடைவெளி 1.2 மீட்டர் என்று கொண்டால், அதே மேடை நிலக்கணக்கில் +1.8 ஆகிறது, அதே கடல்தரை −7.2 ஆகிறது. இரு எண்களும் மாறிவிட்டன, ஆனால் 1.8 − (−7.2) என்பதும் 9தான். பூச்சியம் மனிதர் வைத்த இடம் என்பதால், ஒரு மட்டத்தின் குறி மட்டும் தனியே எந்த இயற்கை உண்மையையும் சொல்வதில்லை. மட்டங்களுக்கிடையிலான வேறுபாடே மாறாமல் நிற்கிறது. வகுத்துப் பார்த்தால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும்: முதல் கணக்கில் மேடைக்கும் தரைக்கும் உள்ள விகிதம் 3 ÷ (−6) = −½; இரண்டாவதில் 1.8 ÷ (−7.2) = −¼. மட்டங்களின் விகிதம் பூச்சியத்தோடு சேர்ந்து மாறிவிடுவதால் அதற்குப் பொருளில்லை. ஆகவே பெருக்கலையும் வகுத்தலையும் மட்டங்களின் மீதன்று, மாற்றங்களின் மீதே நிகழ்த்த வேண்டும். இந்தக் கருத்து கீழே பெருக்கலை விளக்கும்போது உதவும்.

மாற்றத்துக்கும் குறி உண்டு என்பதை இத்தீவுகள் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று கடுமையான முறையில் கண்டன. சுமத்திரா-அந்தமான் பெருநிலநடுக்கத்தில் நிலமே மட்டம் மாறியது. போர்ட் பிளேர் சுற்றுவட்டாரம் ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. நகரை அடுத்த சிப்பிகாட் பகுதியின் வயல்களில் உப்புநீர் புகுந்து அப்படியே தங்கிவிட்டது. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் இறங்க, அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் ஆனது. அதே நிலநடுக்கத்தில் வடக்கு சென்டினல் தீவும் இன்டர்வியூ தீவும் உயர்ந்து, பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்து மாண்டன. ஒரே நிகழ்வின் விளைவை ஓரிடத்தில் −1 என்றும், மற்றோரிடத்தில் −4 என்றும், வேறோரிடத்தில் +1 என்றும் எழுத வேண்டியிருந்தது. வெறும் அளவை மட்டும் எழுதி, குறியை விட்டுவிட்டால், வயலை இழந்த ஊருக்கும் பாறை வெளிப்பட்ட ஊருக்கும் வேறுபாடே தெரியாமல் போகும்.

போர்ட் பிளேர் பக்கத்தின் −1ஐ மேற்கண்ட கற்பனைத் துறையில் பொருத்திப் பார்க்கலாம். கடலின் மட்டம் மாறவில்லை என்றும் அதையே அளவுகோலாகக் கொள்வதாகவும் வைத்துக்கொண்டால், மேடை +3இலிருந்து +2க்கு இறங்குகிறது. தரை −6இலிருந்து −7க்கு இறங்குகிறது. நீர் +1.5இல் இருக்கையில் மேடைக்கும் நீருக்கும் இடையிலான உயரம் 1.5 மீட்டரிலிருந்து 0.5 மீட்டராகச் சுருங்குகிறது, மாற்றம் −1. அதே வேளையில் நீரின் ஆழம் 7.5இலிருந்து 1.5 − (−7) = 8.5 ஆக வளர்கிறது, மாற்றம் +1. நிலம் இறங்கியது ஒரே −1தான். அது முதல் கணக்கில் கூட்டப்படும் இடத்தில் நிற்பதால் −1 ஆகவே தொடர்ந்தது. இரண்டாம் கணக்கில் கழிக்கப்படும் இடத்தில் நிற்பதால் −(−1), அதாவது +1 ஆனது. குறையைக் கழித்தால் மிகை என்னும் விதிக்கு இதைவிட நேரடியான சான்று தேட வேண்டியதில்லை.

மேற்கண்ட கணக்குகளில் ஒரே சிறு கோடு மூன்று வேலைகளைச் செய்திருப்பதைக் கவனிக்க வேண்டும். 0.4 − 0.6 என்பதில் அது கழித்தல் என்னும் செயல். −6 என்பதில் பூச்சியத்துக்கு எந்தப் பக்கம் என்னும் இடக்குறிப்பு. −(−1) என்பதன் வெளிக்கோடு, ஓர் எண்ணை அதன் கூட்டல் நேர்மாறாக, அதாவது அதனுடன் கூட்டினால் பூச்சியம் தரும் எண்ணாக மாற்றும் ஆணை. இம்மூன்றையும் பிரித்துச் சொல்லாமல் ஒரே ஒலியில் "மைனஸ்" என்று படித்துச் செல்வதே வகுப்பறைக் குழப்பத்தின் பெரும்பகுதிக்குக் காரணம். என்சிஇஆர்டி 2024இல் வெளியிட்ட ஆறாம் வகுப்பு நூலான கணித பிரகாஷ், தரைத்தளத்துக்கு மேலும் கீழும் செல்லும் மின்தூக்கியை வைத்து இடத்தையும் நகர்வையும் தனித்தனியே அறிமுகம் செய்வது இந்த வகையில் வரவேற்கத் தக்க மாற்றம்.

குறை எண்களின் வரலாற்றில் இந்தியாவின் பங்கு பெரியது. சீனத்தின் ஒன்பது அத்தியாயங்கள் என்னும் கணித நூலுக்கு 263ஆம் ஆண்டில் உரை எழுதிய லியூ ஹுய், மிகைக்குச் சிவப்புக் கோல்களையும் குறைக்குக் கறுப்புக் கோல்களையும் பயன்படுத்தும் முறையை விளக்கியிருந்தார். எனினும் பூச்சியத்தையும் சேர்த்து, கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகியவற்றுக்கு முழுமையான விதிகளை வரிசையாக வகுத்தவர், 628ஆம் ஆண்டில் பிரம்மஸ்புட சித்தாந்தத்தை இயற்றிய பிரம்மகுப்தர் ஆவார். அவர் மிகையைச் செல்வம் என்னும் பொருள்படும் தனம் என்றும், குறையைக் கடன் என்னும் பொருள்படும் ருணம் என்றும் அழைத்தார். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இந்தச் செல்வ-கடன் பார்வை நன்கு பொருந்துகிறது. ஒருவருடைய கடனை நீக்கினால் அவர் நிலை உயரும் என்பதை யாரும் மறுப்பதில்லை.

குறை எண்ணைத் திசையாகப் பார்த்தவர் 12ஆம் நூற்றாண்டின் பாஸ்கரர். லீலாவதி என்னும் நூலில் அவர் 10, 17 அளவுள்ள இரு பக்கங்களும் 9 அளவுள்ள அடிப்பக்கமும் கொண்ட முக்கோணத்தை எடுத்துக்கொண்டு, உச்சியிலிருந்து இறக்கிய செங்குத்துக் கோடு அடிப்பக்கத்தை எப்படிப் பிரிக்கிறது என்று கேட்கிறார். கணக்கின்படி ஒரு துண்டு 15, மற்றொன்று −6. இரண்டையும் கூட்டினால் 9. குறை எண் வந்ததால் கணக்குப் பிழை என்று அவர் தள்ளிவிடவில்லை. அந்தத் துண்டு எதிர்த்திசையில் இருக்கிறது, அதாவது செங்குத்துக் கோடு முக்கோணத்துக்கு வெளியே விழுகிறது என்று விளக்கினார். ஐரோப்பாவில் கணித அறிஞர் ஜான் வாலிஸ் முன்னும் பின்னும் நடப்பவரை வைத்துக் குறை எண்ணை ஒரு கோட்டின் மேல் காட்டியது 1685இல். இடைப்பட்ட காலத்தில் கார்டானோ போன்ற பெரும் கணித அறிஞர்களே அதைக் கற்பனையான விடை என்று ஒதுக்கிவைத்தனர்.

பெருக்கலில்தான் கடன் பார்வை இடறுகிறது. கடனைக் கடனால் பெருக்குவது என்பதற்கு எவராலும் பொருள் சொல்ல முடியாது. 2 ரூபாய்க் கடன்கள் மூன்றைத் தள்ளுபடி செய்தால் 6 ரூபாய் நன்மை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அங்கே −2 கடனாக இருக்க, −3 கடனன்று, தள்ளுபடி செய்த எண்ணிக்கை. பெருக்கலின் இரு காரணிகளும் ஒரே வகைப் பொருளாக இருப்பதில்லை என்னும் இந்த உண்மையை மறைக்காமல் முன்வைப்பதே சரி. ஒன்று, ஓர் அலகுக்கு எவ்வளவு மாற்றம் என்னும் வீதம். மற்றொன்று, எத்தனை அலகு மாறியது என்னும் அளவு. இரண்டுக்கும் தனித்தனியே குறி உண்டு.

வடியும் ஓதத்தில் நீர் மணிக்கு 0.3 மீட்டர் வீதம் இறங்குகிறது என்றால் வீதம் −0.3. இரண்டு மணி நேரம் கழித்து நீர்மட்டத்தின் மாற்றம் (−0.3) × 2 = −0.6. இரண்டு மணி நேரத்துக்கு முன் என்பது −2; அப்போது நீர் இப்போதிருப்பதைவிட (−0.3) × (−2) = +0.6 மீட்டர் உயர்ந்து நின்றது. காலத்தைப் பின்னோக்கிப் பார்ப்பது செயற்கையாகத் தோன்றினால், வளிமண்டலமே மற்றோர் எடுத்துக்காட்டைத் தருகிறது. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால், அந்தச் சுமையால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் தாழ்கிறது; வீதம் −1. அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்று வானிலை அறிக்கைகள் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் மாற்றம் −20. கடல்மட்டத்தில் விளைவது (−1) × (−20) = +20 சென்டிமீட்டர் உயர்வு. காற்று கடலைத் தள்ளுவதால் ஏற்படும் எழுச்சி இதற்கும் மேலாகச் சேர்வது. இங்கே இரு குறைகளும் உண்மையானவை, அவற்றின் பெருக்கமான உயர்வும் உண்மையானது.

ஆயினும் எடுத்துக்காட்டு எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் அது நிறுவல் ஆகாது. நிறுவல் பங்கீட்டுப் பண்பிலிருந்து வருகிறது. ஒரு தொகையை மொத்தமாகப் பெருக்குவதும், அதன் பகுதிகளைத் தனித்தனியே பெருக்கிக் கூட்டுவதும் ஒன்றே என்பது அந்தப் பண்பு. 3 + (−3) என்பது பூச்சியம்; ஆகவே (−2) × [3 + (−3)] என்பதும் பூச்சியம். பகுதிகளாகப் பிரித்தால் (−2) × 3 உடன் (−2) × (−3) ஐக் கூட்டியதும் பூச்சியமாக வேண்டும். (−2) × 3 என்பது −2ஐ மூன்றுமுறை கூட்டியது, அதாவது −6. −6உடன் எதைக் கூட்டினால் பூச்சியம் வரும்? +6 ஒன்றுதான். ஆதலால் (−2) × (−3) வேறு எதுவாகவும் இருக்க வழியில்லை. யாரேனும் −6 என்று வைத்துக்கொள்ள விரும்பினால், அவர் பங்கீட்டுப் பண்பையே துறக்க வேண்டியிருக்கும். இந்த ஐந்து வரிகள் ஏழாம் வகுப்பு மாணவருக்கு எட்டாதவை அல்ல; அவரிடம் இவற்றைச் சொல்லாமல் விதியை மட்டும் ஒப்புவிக்கச் செய்வது, கணிதம் கட்டளைகளின் தொகுப்பு என்னும் தவறான எண்ணத்தை அவருக்குள் விதைத்துவிடுகிறது.

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஆந்துவான் அர்னோ எழுப்பிய ஐயம் ஒன்று, இவ்விதிகளின் மற்றொரு விளைவைத் தெளிவாக்குகிறது. 1க்கும் −1க்கும் உள்ள விகிதமும் −1க்கும் 1க்கும் உள்ள விகிதமும் சமம் என்றால், பெரியது சிறியதற்கு எப்படியோ, சிறியது பெரியதற்கு அப்படி என்றாகிவிடுகிறதே, அது எங்ஙனம் தகும் என்று அவர் கேட்டார். குறை எண்ணால் பெருக்கும்போது வரிசை தலைகீழாகிறது என்பதே விடை. 5 பெரியது, 3 சிறியது. −1ஆல் பெருக்கினால் −5 சிறியது, −3 பெரியது. உயரங்களை ஆழங்களாக எழுதும்போது கடல் வரைபடம் செய்வதும் இதுவே: உயரத்தில் தாழ்ந்தது எதுவோ, அது ஆழத்தில் பெரியதாகிறது.

விடையாக வரும் குறை எண்ணை ஏற்பதா, மறுப்பதா என்பதைக் கணக்கு மட்டும் முடிவு செய்வதில்லை. பாஸ்கரர் தம் மற்றொரு நூலான பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கூட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்: கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, அதை வர்க்கப்படுத்தினால் வரும் எண்ணிக்கை குகைக்குள் சென்றது, ஒரு குரங்கு வெளியே தெரிகிறது, கூட்டம் எவ்வளவு? 50 என்பதும் 5 என்பதும் சமன்பாட்டை நிறைவு செய்கின்றன. 5ஐ எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு 1, அதிலிருந்து 3ஐக் கழிக்க −2, அதன் வர்க்கம் 4, வெளியே ஒன்று, ஆக 5. கணக்குச் சரியாக இருந்தும், இடையே குரங்குகளின் எண்ணிக்கை −2 ஆவதை மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று கூறி அவர் 5ஐ விலக்கினார். முக்கோணத்தின் −6ஐ ஏற்றவர் அவரே. தொலைவுக்கு எதிர்த்திசை உண்டு, குரங்குக்கு எதிர்க்குரங்கு இல்லை என்பதுதான் வேறுபாடு.

துறைமுகக் கணக்கில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலை வருகிறது. ஒரு கப்பல் நீருக்குள் 6.5 மீட்டர் அமிழ்ந்து நிற்பது என்றும், வரைபட ஆழம் 6 மீட்டர், நீர்மட்டம் +0.2 என்றும் கொண்டால், கப்பலின் அடிக்கும் தரைக்கும் இடையே எஞ்சும் இடைவெளி 6 + 0.2 − 6.5 = −0.3 மீட்டர். அப்படியோர் இடைவெளி உலகில் இருக்க முடியாது. கப்பல் அந்த வேளையில் உள்ளே வந்தால் தரைதட்டும். ஆனால் அந்த எண்ணை விலக்கிவிடவும் கூடாது. ஏறுகின்ற ஓதத்தின் வீதம் மணிக்கு +0.3 என்றால், இடைவெளி பூச்சியத்தை எட்டவே ஒரு மணி நேரம் ஆகும் என்றும், பாதுகாப்புக்கென இன்னும் 0.6 மீட்டர் வேண்டுமானால் மேலும் இரண்டு மணி நேரம் வெளியே காத்திருக்க வேண்டும் என்றும் அந்த −0.3 சொல்லிவிடுகிறது.